பெங்களூரில் எட்டு வாரம்: உயிரியல் மாணவர்களுக்கான கோடைக்கால ஆய்வக வழிகாட்டி

கோடை விடுமுறையில் பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாதம் வேலை பழக வேண்டும் என்று ஆசைப்படும் மாணவர்களில் பலர் மார்ச் மாதத்தில்தான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் பந்தி முடிந்து இலையை எடுத்திருப்பார்கள். மே மாத வேலைக்கு முந்தைய நவம்பரிலேயே அடி போட வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம் படிப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக்காரரும் எம்.எஸ்சி. முதலாண்டுக்காரரும் இதன்படி நடக்கலாம்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எட்டு வாரம் என்பது காதுக்குத்தான் நீளம். அடையாள அட்டை, பாதுகாப்புப் பயிற்சி, யாருக்கு எந்த மேசை என்பதிலேயே முதல் வாரம் போய்விடும். கடைசி வாரம் அறிக்கைக்கும் விளக்கவுரைக்கும். மிஞ்சுவது ஆறு வாரம். ஒரு சோதனையை மூன்று முறையாவது செய்து ஒரே விடை வந்தால்தான் அதை முடிவு என்று சொல்லலாம். ஆக, ஒரு சுற்றுக்கு இரண்டு வாரத்துக்குமேல் எடுக்கும் வேலை எதுவும் கோடைக்குத் தாங்காது. எந்த ஆய்வகம், எந்த உயிரி, என்ன கேள்வி, எங்கே தங்குவது என்பதையெல்லாம் இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யலாம்.

எங்கே விண்ணப்பிப்பது

வழி இரண்டு. ஒன்று, அறிவிக்கப்பட்ட திட்டங்கள். அவற்றில் பெரியது மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம். பெங்களூரில் 1934இல் சி.வி.ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி, தில்லியின் இந்தியத் தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜின் தேசிய அறிவியல் அகாடமி ஆகியவைதான் அந்த மூன்று. இரண்டு மாத வேலை, கையில் உதவித்தொகை. ஒன்றை மறக்க வேண்டாம்: தேர்வானால் இடம் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கலாம். பெங்களூர்தான் வேண்டும் என்றால் விருப்பங்களை நிரப்பும்போதே கவனமாக இருக்க வேண்டும். ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும் தனியாக ஒரு கோடைக்காலத் திட்டம் நடத்துகிறது. இத்தகைய அறிவிப்புகள் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். அரையாண்டு விடுமுறைவரை காத்திருந்தால் கதவு சாத்தியிருக்கும்.

இரண்டாவது வழி, பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புவது. ஐ.ஐ.எஸ்சி. என்ற இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியல், நுண்ணுயிரியலும் செல் உயிரியலும், மூலக்கூறு உயிர் இயற்பியல், சூழலியல், நரம்பியல் என்று தனித்தனித் துறைகள் இருக்கின்றன. பெல்லாரி சாலையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்துக்குள் என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் மையம் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை அது. பக்கத்திலேயே குருத்தணு ஆய்வுக்கான இன்ஸ்டெம். சூழலியல், காட்டுயிர், நீர்நிலை என்று ஆர்வம் போனால் ஜக்கூர்ப் பக்கத்தில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இந்த மூன்று நான்கு வளாகங்களும் நகரத்தின் வடபாதியில் இருப்பது உங்களுக்கு வசதி.

இடையில் மூன்றாவதாக ஒரு வழியை யாராவது காட்டுவார்கள்: பணம் கட்டினால் பதினைந்து நாளில் சான்றிதழோடு பயிற்சி. ஒரே ஜெல்லைச் சுற்றி இருபது பேர் நின்று பார்த்துவிட்டு வருவதற்கு அவ்வளவு பணம் தேவையில்லை. மேற்படிப்பு நேர்காணலில் அந்தச் சான்றிதழை யாரும் மதிப்பதில்லை, "நீ என்ன செய்தாய்" என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பணத்தை இரண்டு மாத அறை வாடகைக்கு வைத்துக்கொண்டு, உதவித்தொகை இல்லாத நல்ல ஆய்வகத்தில் சேர்வது எவ்வளவோ மேல்.

மடல் எழுதுவது

ஐம்பது பேருக்கு ஒரே மடலை அனுப்புவது நேரத்தை வீணாக்கும் வேலை. "தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் பணியாற்றும் பெரும்பேறு" என்று தொடங்கும் மடலைப் பேராசிரியர்கள் இரண்டாவது வரிக்குமேல் படிப்பதில்லை. அந்த வரி யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஐந்து ஆய்வகங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் இணையப் பக்கத்திலிருந்தும் கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்துப் படிக்க வேண்டும். முழுவதும் புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. சுருக்கத்தைப் படித்தபின் படங்களையும் அவற்றின் அடிக்குறிப்புகளையும் மட்டும் வரிசையாகப் பார்த்தால் கதை பிடிபடும். பிறகு மடல். முதல் பத்தியில் நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும் என்பது. இரண்டாவது பத்தியில் அந்தக் கட்டுரையில் உங்களைப் பிடித்து நிறுத்திய ஒரு இடம். "மூன்றாம் படத்தில் வெப்பத்தில் வளர்ந்த ஈக்களின் எண்ணிக்கை குறைகிறது, அது முட்டை குறைந்ததாலா, புழு செத்ததாலா என்று பிரித்துப் பார்த்தீர்களா?" என்ற மாதிரி ஒரு கேள்வி, பல பக்கப் புகழ்ச்சியைவிடக் கனமானது. மூன்றாவது பத்தியில் உங்கள் கைக்குத் தெரிந்த வேலைகள். கல்லூரிச் செய்முறையில் ஒரு முறைதான் டி.என்.ஏ. பிரித்தெடுத்தீர்கள் என்றால் ஒரு முறை என்றே எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலும் ஒரு பக்கத் தன்விவரமும் இணைப்பில். அவ்வளவுதான்.

பத்து நாள் பதில் வராவிட்டால் அதே மடலின்மேல் இரண்டு வரியில் நினைவூட்டலாம். இரண்டாவது முறையும் மௌனம் என்றால் அடுத்தவரிடம் போங்கள். வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஒரு ஆய்வகத்தில் கோடைக்கு இடம் இருப்பது ஒருவருக்கோ இருவருக்கோதான்.

இடம் கிடைத்தவுடன் கல்லூரிப் பக்கம் திரும்ப வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பருவத் தேர்வும் கல்லூரி திறக்கும் நாளும் ஆய்வகம் கேட்கும் தேதிகளோடு மோதும். ஜூன் நடுவில் வகுப்பு தொடங்கிவிட்டால் வருகைப் பதிவு குறையும். துறைத் தலைவரிடம் முன்கூட்டியே பேசி, முதல்வர் கையெழுத்தோடு தடையில்லாச் சான்றும் படிப்புச் சான்றும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு தாள் இல்லாமல் வளாக வாசலில் அடையாள அட்டை கிடைப்பது கடினம்.

உயிரியைப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுங்கள்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆனால் கோடை வெற்றியா வெறுங்கையா என்பது பெரும்பாலும் இதில்தான் தீர்மானமாகிறது. ஒவ்வொரு உயிரிக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. உங்கள் அவசரம் அதற்குத் தெரியாது.

ஈ.கோலை பாக்டீரியா நல்ல ஊடகத்தில், 37 டிகிரி செல்சியஸில், சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இன்று பிளேட் போட்டால் நாளைக் காலை விடை. தவறினாலும் மறுநாள் மீண்டும் செய்யலாம். கோடைக்கு இதைவிடத் தோதான உயிரி இல்லை. ஈஸ்டும் அப்படித்தான். சீ.எலிகன்ஸ் என்னும் நுண்புழு மூன்று நாளில் முட்டையிலிருந்து வளர்ந்த புழுவாகிவிடுகிறது. வரிக்குதிரை மீனின் கரு கண்ணாடிபோல் இருக்கும். கருவுற்ற மறுநாளே இதயம் துடிப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம், இரண்டு மூன்று நாளில் முட்டையை விட்டு வெளியே வந்துவிடும். கருவை வைத்துச் செய்யும் வேலை என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த மீன் பெரிதாகி முட்டையிட வேண்டும் என்ற வேலை என்றால் மூன்று மாதம் ஆகும், உங்களுக்கு ஒத்துவராது.

பெங்களூரில் பழ ஈ ஆய்வகங்கள் நிறைய. 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈ வெளிவரச் சுமார் பத்து நாள். 18 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே ஒரு கலப்பு, அதன் பிள்ளைகளை வைத்து இன்னொரு கலப்பு, பிறகு எண்ணிக்கை என்று திட்டமிட்டால் ஆறு வாரத்துக்குள் அடங்கும், முதல் கலப்பு முதல் வாரத்திலேயே போடப்பட்டால். அதற்குக் கன்னி ஈக்களைப் பொறுக்கத் தெரிய வேண்டும். பெண் ஈ ஒருமுறை ஆணோடு சேர்ந்துவிட்டால் அந்த விந்தைப் பல நாள் சேமித்து வைத்துக்கொள்ளும். அதற்குப்பின் நீங்கள் போடும் கலப்புக்கு அர்த்தமில்லை. 25 டிகிரியில் வெளிவந்து எட்டு மணி நேரத்துக்குள் எடுத்தால் ஆபத்தில்லை. காலையில் குப்பியில் உள்ள எல்லா ஈக்களையும் தட்டி வெளியேற்றிவிடுவார்கள். மத்தியானம் புதிதாக வந்தவற்றைக் கரியமில வாயுவில் மயக்கி, தூரிகையால் பிரிப்பார்கள். இளம் பெண் ஈயின் உடல் வெளிறியிருக்கும், வயிற்றின் அடிப்பக்கம் தோல்வழியே ஒரு கரும்பச்சைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி கண்ணுக்குப் பழக இரண்டு நாள் ஆகும். பழகியபின் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

அரபிடாப்சிஸ் செடிக்கு விதையிலிருந்து விதைக்கு ஆறு முதல் எட்டு வாரம். உங்கள் கோடை முழுவதையும் ஒரே தலைமுறை விழுங்கிவிடும். நாற்றில் வேர் நீளம் அளப்பது, முளைப்புத்திறன் பார்ப்பது என்றால் பரவாயில்லை. எலி ஆய்வகங்களில் விலங்கு நெறிக் குழுவின் அனுமதி வேண்டும். குறுகிய கால மாணவர் பெரும்பாலும் பதப்படுத்திய திசுவோடுதான் வேலை செய்ய வேண்டியிருக்கும். சேருமுன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

உயிரே வளர்க்காத உயிரியலும் இருக்கிறது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எந்தக் கோணங்களில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணக்குப் போட்டே பிறந்தது. அதே ஜி.என்.ராமச்சந்திரன்தான் பின்னர் பெங்களூருக்கு வந்து ஐ.ஐ.எஸ்சி.யில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். புரத அமைப்பு, மரபுத்தொகுதித் தரவு என்று கணினியில் செய்யும் திட்டத்துக்கு எட்டு வாரம் தாராளம். இன்குபேட்டர் நின்றுபோவது, பூஞ்சை பிடிப்பது என்ற கவலை கிடையாது. நடத்தை ஆய்வும் கோடைக்கு நல்லது. ஐ.ஐ.எஸ்சி.யில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாகப் படித்த ரோபாலிடியா மார்ஜினாட்டா குளவிகளின் ஆராய்ச்சியில் முக்கியமான கருவிகள் குளவியின்மேல் வைக்கும் வண்ணப் பொட்டும், கூட்டின் முன் பொறுமையாக உட்காரும் ஆளும்தான். பெரிய இயந்திரம் இல்லாத இடத்தில் கற்க ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

ஏப்ரலில் வீட்டில் செய்ய வேண்டியது

தேர்வு முடிந்த கையோடு நீர்த்தல் கணக்கைத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெல் ஓட்டப் பயன்படும் டி.ஏ.இ. கரைசல் 50 மடங்கு செறிவில் இருக்கிறது, அதிலிருந்து ஒரு மடங்குக் கரைசல் ஒரு லிட்டர் வேண்டும் என்றால் 20 மில்லிலிட்டர் எடுத்து 980 மில்லிலிட்டர் நீர் சேர்க்க வேண்டும். இதைக் காகிதம் இல்லாமல் சொல்ல வர வேண்டும். மோலார் கணக்கும் அப்படியே. சேர்ந்த முதல் நாளில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் இதுதான். பாடப் புத்தகத்தின் கிரெப்ஸ் சுழற்சியை யாரும் கேட்பதில்லை. படங்களை அளக்க இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அதைப் பழகலாம். ஆர் என்ற கணினி மொழியில் ஒரு வரைபடம் போடக் கற்றுக்கொண்டால் ஏழாம் வாரத்தில் கைகொடுக்கும்.

பெட்டியில் பருத்தி ஆய்வக மேலங்கி, விரல்களை முழுவதும் மூடும் காலணி, குடை, மெல்லிய ஸ்வெட்டர். செருப்போடு ஆய்வகத்துக்குள் விடமாட்டார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஏப்ரல்தான் கடும் வெயில், மே மாதத்தில் மாலை நேரத்தில் இடியோடு மழை கொட்டும், ஜூனில் பருவமழை சேர்ந்துகொள்ளும். வேலூர், மதுரை வெயிலிலிருந்து வருகிறவர்களுக்கு இது சொர்க்கம், இரவில் மட்டும் போர்வை தேடுவார்கள்.

வந்து சேர்வதும் தங்குவதும்

ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. மே மாதம் பள்ளி விடுமுறைக் கூட்டம். தேதி உறுதியான அன்றே டிக்கெட் போடுங்கள். பஸ்ஸில் வந்தால் ஓசூர் சாலை வழியாக விடியற்காலை சில்க் போர்டு, மடிவாளா வரும். வடக்கே போகிறவர்கள் நகரத்துக்குள் நுழையாமல் சில்க் போர்டிலேயே இறங்கி, வெளிவட்டச் சாலையில் ஹெப்பால் வரை போகும் 500டி பஸ்ஸைப் பிடிக்கலாம். ஹெப்பாலிலிருந்து ஜக்கூர், ஜி.கே.வி.கே. எல்லாம் பெல்லாரி சாலையில் அடுத்தடுத்து வரும். இதைக் காலை ஏழு மணிக்கு முன் செய்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு அந்தச் சாலையில் மாட்டிக்கொண்டால், பெட்டியும் நீங்களுமாக ஊர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஐ.ஐ.எஸ்சி.க்குப் போகிறவர்களுக்குப் பசுமை வழித்தட மெட்ரோவில் யஷ்வந்த்பூர், சாண்டல் சோப் ஃபேக்டரி நிலையங்கள் பக்கம். நடத்துனரிடம் "டாட்டா இன்ஸ்டிட்யூட்" என்று கேளுங்கள். ஊர்க்காரர்களுக்கு 1909 முதல் அது அப்படித்தான்.

மாணவிகள் கவனிக்க: கர்நாடகத்திலும் 2023 ஜூன் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் உண்டு, ஆனால் அது கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும். மாதச் செலவில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வளாக விடுதியில் கோடை மாணவர்களுக்கு இடம் குறைவு. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பி.ஜி. எனப்படும் தனியார் விடுதிதான். என்.சி.பி.எஸ்., ஜக்கூர்ப் பக்கம் என்றால் சஹகார நகர், கொடிகேஹள்ளி, எலஹங்கா. ஐ.ஐ.எஸ்சி. என்றால் மத்திகெரே, யஷ்வந்த்பூர், மல்லேஸ்வரம். சொந்தக்காரர் வீடு அல்சூரிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ இருக்கிறது, அங்கே தங்கிப் போய்வரலாம் என்று வீட்டில் சொல்வார்கள். அத்தை கையால் சாப்பாடு கிடைக்கும், உண்மைதான். ஆனால் இரவு பத்து மணிக்கு ஒரு கல்ச்சரை எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டியிருக்கும்போது நீங்கள் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த வாரம் போயிற்று. நடந்து வரும் தூரத்தில் தங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போங்கள்.

பி.ஜி.யில் முன்பணம் எவ்வளவு, காலி செய்யும்போது எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாத வாடகையைப் "பராமரிப்பு" என்ற பெயரில் பிடித்துக்கொள்வது சில இடங்களில் வழக்கம். சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். தர்ஷினி எனப்படும் நின்று சாப்பிடும் கடைகளில் காலைச் சிற்றுண்டி மலிவு, சுத்தம். சாம்பார் கொஞ்சம் இனிக்கும், இரண்டாவது வாரத்தில் நாக்கு சமாதானம் ஆகிவிடும்.

மேசையில் முதல் இரண்டு வாரம்

பிப்பெட் பிடிப்பதிலிருந்து தொடங்குவோம். கல்லூரியில் பலருக்கு அது முறையாகக் கிடைத்திருக்காது. பொத்தானுக்கு இரண்டு நிறுத்தம் உண்டு. முதல் நிறுத்தம்வரை அழுத்தி, முனையைத் திரவத்துக்குள் கொஞ்சமாக மட்டும் இறக்கி, மெதுவாக விட வேண்டும். வெளியேற்றும்போது இரண்டாவது நிறுத்தம்வரை அழுத்த வேண்டும். எடுக்கும்போதே இரண்டாவது நிறுத்தத்துக்குப் போனால் அளவு கூடிவிடும். சட்டென்று விட்டால் குமிழி ஏறும். சரியாகச் செய்கிறீர்களா என்று சோதிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை: நுண்தராசில் ஒரு தட்டை வைத்து, 200 மைக்ரோலிட்டர் நீரைப் பத்து முறை விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 0.2 கிராம் ஏற வேண்டும். ஏறும் எண் ஆடினால் கை ஆடுகிறது என்று பொருள். அரைநாள் இதற்கே செலவழியுங்கள். அடுத்த ஏழு வாரம் நிற்பது இதன்மேல்தான்.

டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தால் நீளவாரியாகப் பிரிக்க ஜெல் ஓட்டும்போது மின்முனையைப் பார்த்துப் பொருத்துங்கள். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்சுமை, அது சிவப்பு முனையை நோக்கி ஓடும். மாதிரி விடும் குழிகளான கிணறுகள் கருப்பு முனைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் மாதிரி முழுவதும் பின்பக்கமாக வெளியேறித் தாங்கு கரைசலில் கலந்துவிடும். டி.என்.ஏ.வை ஒளிரவைக்கும் சாயமான எத்திடியம் புரோமைடு வைத்திருக்கும் மேசையைத் தொட்ட கையுறையோடு கதவுக் கைப்பிடியையோ கைப்பேசியையோ தொடாதீர்கள். அது டி.என்.ஏ.வின் படிகளுக்கிடையே நுழைந்து உட்காரும் பொருள், அதனால்தான் ஒளிர்கிறது, அதனால்தான் ஆபத்தும்.

பாக்டீரியா வளர்க்கும் பிளேட் போடுவதற்கு எல்.பி. ஊடகம்: ஒரு லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் சாறு 5 கிராம், உப்பு 10 கிராம், கெட்டியாக அகார் 15 கிராம். 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கி, அதாவது ஆட்டோகிளேவ் செய்தவுடன், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தான ஆம்பிசிலினைக் கொட்டினால் சூட்டில் மருந்து கெட்டுவிடும். குடுவையைக் கையில் பிடிக்க முடிகிற அளவு, அதாவது சுமார் 50 டிகிரிக்கு, ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். இன்னும் ஆறவிட்டால் குடுவையிலேயே உறைந்துபோகும். இன்குபேட்டரில் வைத்த பிளேட்டை 16 மணி நேரம் போல ஆனதும் எடுத்துவிடுங்கள். மறந்து ஒன்றரை நாள் விட்டால் பெரிய பாக்டீரியாக் கூட்டங்களைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சின்னக் கூட்டங்கள் முளைத்திருக்கும். பெரியது வெளியேற்றிய நொதி சுற்றிலும் இருந்த ஆம்பிசிலினைத் தின்றுவிட்டது. மருந்தைத் தாங்கும் மரபணு இல்லாதவையும் அந்த நிழலில் வளர்ந்துவிட்டன. அவற்றிலிருந்து எடுத்து வளர்த்தால், அந்தத் தாங்கும் மரபணுவோடு சேர்த்து நீங்கள் செருகிய மரபணு இருக்காது.

எந்தச் சோதனைக்கும் வெறும் நீர் போட்ட குழாய் ஒன்று வையுங்கள். டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர்.இல், டி.என்.ஏ. போடாத குழாயிலும் கோடு வந்தால், மற்ற குழாய்களில் வந்த அழகான கோடுகளை நம்ப முடியாது. அந்த ஒரு குழாயை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் ஒரு வாரத்தைச் செலவழிப்பார்கள்.

குறிப்பேட்டைப் பற்றி ஒரே ஒரு சொல்: அன்றன்றே, பேனாவில், தேதியோடு. வேதிப்பொருளின் தயாரிப்புத் தொகுதி எண்கூட எழுதுங்கள். தாளைக் கிழிக்காதீர்கள், தவறை ஒரு கோட்டால் அடியுங்கள்.

வாயைத் திறப்பது

"அக்கா, நான் தமிழ் வழியில் படித்தவன். வாராந்தரக் கூட்டத்தில் எல்லோரும் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுகிறார்கள். கேட்டால் சிரிப்பார்களோ என்று பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்." ஒவ்வொரு கோடையும் ஏதாவது ஒரு தம்பி என்னிடம் இதைச் சொல்வான். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "கூட்டத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொள். எழுதியதை அப்படியே வாசி. இலக்கணத்தை யாரும் திருத்தமாட்டார்கள், கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் எல்லோருக்கும் அவசரம்." அங்கே பேசுகிறவர்களில் வங்காளி, மலையாளி, மராத்தியர் எல்லோரும் தங்கள் தங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். நம் ஆங்கிலத்தில் மட்டும் என்ன குறை?

இன்னொன்று. வளாகத்தில் தமிழ் மாணவர்கள் கணிசமாக இருப்பார்கள், உணவகத்திலும் காவலிலும்கூடத் தமிழ் காதில் விழும். மதியச் சாப்பாட்டை நாள்தோறும் அந்தக் கூட்டத்தோடு மட்டும் சாப்பிட்டால் ஊர் நினைவு வராது, ஆனால் பக்கத்து மேசைக்காரர் என்ன செய்கிறார் என்பதும் தெரியாது. வாரத்தில் பாதி நாளாவது உங்கள் ஆய்வகத்தாரோடு உட்காருங்கள். எந்த வேதிப்பொருள் எந்தக் குளிர்பெட்டியில் ஒளிந்திருக்கிறது என்பது முதல் எந்தப் பேராசிரியர் பிஎச்.டி.க்கு ஆள் தேடுகிறார் என்பது வரை எல்லாம் சாப்பாட்டு மேசையில்தான் பேசப்படும். கன்னடத்தில் விலை கேட்கவும் வழி கேட்கவும் நன்றி சொல்லவும் கற்றுக்கொண்டால் ஆட்டோக்காரரிடமும் கடைக்காரரிடமும் பாதி வேலை முடிந்தது.

உங்கள் துறையாக இல்லாவிட்டாலும் கருத்தரங்குகளுக்குப் போங்கள். பெரும்பாலானவை மாணவர்களுக்குத் திறந்தவை. என்.சி.பி.எஸ்.இல் அரங்குகளுக்கு மாம்பழப் பெயர்கள்: தஷேரி, ஹாபூஸ், மல்கோவா. மல்கோவாவில் மரபியல் கேட்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

ஆய்வகத்துக்கு வெளியே

ஞாயிற்றுக்கிழமைக்கு லால்பாக் போதும். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். தாவரவியல்காரர்களுக்கு ஒரு நாள் பத்தாது. நடுவில் உள்ள பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழமை கொண்டது, ஏறி உட்காரலாம். விலங்கியல்காரர்களுக்கு ஜக்கூர் ஏரிக்கரையில் விடியற்காலை நல்ல பறவைக் காட்சி. சுத்திகரித்த கழிவுநீரை நாணல் சதுப்பில் வடித்து ஏரிக்கு விடும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. சூழலியல் பாடத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்கலாம். ஐ.ஐ.எஸ்சி. வளாகத்தில் தங்குகிறவர்கள் இரவில் மரக்கிளைகளைக் கவனியுங்கள். தேவாங்கு அங்கே வாழ்கிறது. சிவப்புத் தாள் கட்டிய விளக்கில் இரண்டு கண்கள் மட்டும் கனலாகத் தெரியும், நகர்வது தெரியாத வேகத்தில் நகரும். வெள்ளை விளக்கை அதன் முகத்தில் அடிக்க வேண்டாம்.

தமிழ்ப் புத்தகமோ தமிழ்ப் பேச்சோ வேண்டுமென்றால் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். 2009 ஆகஸ்டில் திறந்த திருவள்ளுவர் சிலையும் ஏரிக்கரையில்தான்.

கிளம்பும் முன்

ஆறாம் வார முடிவில் புதிய சோதனை தொடங்காதீர்கள். ஏழாம் வாரம் எண்ணிக்கை, வரைபடம், விட்டுப்போன மூன்றாவது சுற்று. எட்டாம் வாரம் விளக்கவுரை: பத்து நிமிடத்துக்கு எட்டுப் பக்கம், அதில் ஒரு பக்கம் நடக்காமல் போன சோதனைக்கு. எதிர்பார்த்த விடை வராததை மறைத்தால் கேள்வி நேரத்தில் அது வெளியே வந்துவிடும், நீங்களே சொன்னால் மரியாதை.

குளிர்பெட்டியில் உங்கள் குழாய்கள் ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, உள்ளே இருப்பது என்ன என்ற மூன்றும் அழியாத பேனாவில் இருக்க வேண்டும். "1, 2, 3" என்று மட்டும் எழுதிய குழாய்கள் நீங்கள் போன மறுவாரம் குப்பைக்குப் போகும். அசல் குறிப்பேடு ஆய்வகத்துக்குச் சொந்தம், அதை விட்டுவிட்டு வர வேண்டும். அனுமதி கேட்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தரவுக் கோப்புகள் எந்தக் கணினியில் எந்த உறையில் இருக்கின்றன என்று ஒரு பக்கம் எழுதி, உங்களுக்குக் கற்றுக்கொடுத்த பிஎச்.டி. மாணவரிடம் கொடுங்கள். அடையாள அட்டையையும் நூலக அட்டையையும் திருப்பிக் கொடுத்தபின்தான் சான்றிதழும் பாக்கி உதவித்தொகையும் வரும். அதற்கு இரண்டு அலுவலக நாள் வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை காலையில் ஓடாதீர்கள்.

சிபாரிசுக் கடிதத்தை அன்றே கேட்டு வாங்க வேண்டாம். "மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கலாமா?" என்று மட்டும் நேரில் கேட்டு வையுங்கள். பிறகு, கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பு, உங்கள் அறிக்கையையும் நீங்கள் செய்த வேலையின் ஐந்து வரிச் சுருக்கத்தையும் இணைத்து மடல் அனுப்புங்கள். நடுவில் வந்துபோன எத்தனையோ பேரில் உங்களை அவர் நினைவுகூர அந்த ஐந்து வரி தேவைப்படும்.